ஏழு கிலோ என்பது எத்தனை கிலோ?

கடந்த நிதியாண்டு முடிவதற்குச் சில நாட்களே இருந்த ஓர் இரவில், மணி பத்தைத் தாண்டிய பின், எங்கள் புணே கிளையின் வாடிக்கையாளர் ஒருவர் சென்னை விமான நிலையத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தார். தாம்பரத்தில் தமக்குரிய அடுக்குமாடி வீட்டின் மீதான கடனை அவர் அண்மையில்தான் முழுமையாக அடைத்திருந்தார். அசல் பத்திரங்களை எங்கள் கிளையில் கையெழுத்திட்டுப் பெற்றுக்கொண்டு, மறுநாள் காலை 11 மணிக்கு நடக்கவிருந்த கிரயப் பதிவுக்காகப் புறப்பட்டிருந்தார். பத்திரங்கள் அவருடைய சிறிய டிராலிப் பெட்டிக்குள் இருந்தன. அந்தப் பெட்டிதான் சென்னைக்கு வந்து சேரவில்லை.

அவர் எந்த விதியையும் மீறவில்லை. பெட்டி அளவுக்கு உட்பட்டது. எடையும் ஏழு கிலோவைத் தாண்டவில்லை. வரிசையின் கடைசிப் பகுதியில் அவர் நின்றிருந்தபோது, இருக்கைகளுக்கு மேலுள்ள தட்டுகள் நிரம்பிவிட்டன என்று கூறி, வாயிலில் இருந்த ஊழியர் பெட்டியில் ஒரு சீட்டைக் கட்டிக் கீழ்ச்சரக்கு அறைக்கு அனுப்பிவிட்டார். கட்டணம் ஏதும் கேட்கவில்லை. கையை வீசிக்கொண்டு ஏறலாமே என்ற நிம்மதியில் அவரும் கொடுத்துவிட்டார். அழைத்தபோது அவர் கேட்டது ஒன்றே: “உங்களிடம் நகல் இருக்கும் அல்லவா, சார்?” நகல் இருந்தது. ஆனால் வாங்குபவருக்குக் கடன் கொடுக்கும் வங்கி நகலை ஏற்காது. அந்த நாற்காலியில் நாங்கள் அமர்ந்திருந்தாலும் ஏற்றிருக்க மாட்டோம். பெட்டி மறுநாள் மாலை வந்தது. பதிவு ஒன்பது நாட்கள் தள்ளிப்போயிற்று.

அன்று முதல், கடன் தீர்ந்து அசல் பத்திரம் வாங்க வருபவர் ஊருக்கு விமானத்தில் செல்வதாகச் சொன்னால், கைச்சுமை குறித்து இரண்டு வார்த்தை பேசாமல் அவரை நாங்கள் அனுப்புவதில்லை. அந்த இரண்டு வார்த்தைகளின் விரிவே இக்கட்டுரை.

முதலில் விதி. இந்தியாவில் உள்நாட்டு விமானங்களின் சாதாரண வகுப்பில் கைச்சுமைக்கு நடைமுறையிலுள்ள எடை வரம்பு 7 கிலோ. அளவைப் பொறுத்தவரை, நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 115 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது பரவலான வழக்கம். இண்டிகோ நிறுவனம் இதனை 55, 35, 25 என்று பிரித்துச் சொல்கிறது. அதனுடன் லேப்டாப் பை அல்லது பெண்களின் கைப்பை போன்ற ஒரு சிறு பையை 3 கிலோ வரை அனுமதிக்கிறது. மற்ற நிறுவனங்களின் அளவுகளில் சில சென்டிமீட்டர் வேறுபாடு உண்டு. ஆகவே பெட்டி வாங்கும்போது கடைக்காரர் “கேபின் சைஸ்தான்” என்று சொல்வதை மட்டும் நம்பிவிடக் கூடாது. நாடா ஒன்றை எடுத்துச் சென்று, சக்கரத்தையும் கைப்பிடியையும் சேர்த்து அளந்து பார்ப்பது நல்லது. வாயிலில் வைத்திருக்கும் அளவுக் கூண்டு சக்கரத்தையும் சேர்த்தே அளக்கும். இன்னொன்றையும் பலர் கணக்கில் கொள்வதில்லை. கடினமான ஓடுள்ள டிராலிப் பெட்டி வெறுமையாகவே இரண்டரை முதல் மூன்று கிலோ எடை கொண்டது. அப்படியானால் நமக்குக் கிடைக்கும் ஏழு கிலோ உண்மையில் நான்கு கிலோதான்.

இவை நிறுவனங்களின் விதிகள். பைகளின் எண்ணிக்கை பற்றிய விதி வேறோர் இடத்திலிருந்து வருகிறது என்பதைப் பயணிகளில் பெரும்பாலோர் அறிவதில்லை. சிவில் விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம் 2000-ஆம் ஆண்டிலேயே வெளியிட்ட சுற்றறிக்கைகளின்படி, ஒரு பயணிக்கு ஒரு கைப்பை மட்டுமே. பெண்களின் கைப்பை, மேலங்கி, படிப்பதற்கான நூல்கள், மடக்குக் குடை, ஊன்றுகோல், குழந்தைக்கான உணவு, லேப்டாப் போன்றவை இதற்கு விலக்கு. காலப்போக்கில் இவ்விதி ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்து வந்தது. பயணிகள் சராசரியாக இரண்டு மூன்று பைகளுடன் சோதனை மேடைக்கு வருவதால் நெரிசல் கூடுகிறது என்று மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை தெரிவித்ததையொட்டி, 2022 ஜனவரியில் இவ்விதியைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்துமாறு விமான நிறுவனங்களுக்கு அறிவுறுத்தப்பட்டது.

ஆகவே சோதனை மேடையில் நிற்கும் காவலர் நம் பையை எடை போடுவதில்லை. அவருடைய கவலை பைக்குள் என்ன இருக்கிறது, எத்தனை பைகள் இருக்கின்றன என்பவை பற்றியது. எடையும் அளவும் விமான நிறுவனத்தின் பாடு. பாதுகாப்புச் சோதனையைத் தாண்டிவிட்டோம், இனி யாரும் கேட்க முடியாது என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். வாயிலில் கேட்பவர் வேறொருவர். அவருக்கு வேறோர் அதிகாரம்.

சரி, எவ்வளவு கண்டிப்பு? நாங்கள் கண்ட வரையில், பெரும்பாலும் நெகிழ்வு, திடீரென்று கண்டிப்பு. இணையத்தில் போர்டிங் பாஸ் எடுத்துவிட்டு, கையில் ஒரு பெட்டியுடன் நேராகச் சோதனைக்குச் செல்பவரை எடைக் கருவி சந்திப்பதே இல்லை. பெரிய பெட்டியை ஒப்படைக்கக் கவுன்டருக்குச் செல்பவரிடம், “அந்தக் கைப்பையையும் வையுங்கள்” என்று கேட்பதுண்டு. அதே பெட்டி, அதே எடை. ஒருவர் கட்டணம் கட்டுகிறார், மற்றவர் கட்டுவதில்லை. இருக்கைகள் பாதி காலியாகச் செல்லும் செவ்வாய்க்கிழமை நண்பகல் விமானத்தில் 9 கிலோவைக் கண்டும் காணாமல் விடுபவர்கள், தீபாவளிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலையில் எட்டைக் கூட விடமாட்டார்கள். இண்டிகோ போன்ற நிறுவனங்கள் இயக்கும் ஏ.டி.ஆர். வகைச் சிறு விமானங்களில் தட்டுகளே சிறியவை. அங்கே நம் டிராலி அளவுக்கு உட்பட்டதாக இருந்தாலும் படிக்கட்டருகே வாங்கிக்கொள்வது உண்டு.

நாங்களும் கவுன்டருக்கு உள்ளே அமர்ந்திருப்பவர்கள்தாம். ஒரு கிளையில் கேட்காத ஆவணத்தை இன்னொரு கிளையில் கேட்கிறார்கள் என்ற குறையை நாங்கள் கேட்காத வாரம் இல்லை. ஆகவே இது குறித்துக் கடுமையாகப் பேசும் தகுதி எங்களுக்கு இல்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லலாம். எப்போதும் கண்டிப்பாக உள்ள விதியைவிட, எப்போதாவது கண்டிப்பாகும் விதியே மனிதரை அதிகம் சினமூட்டுகிறது. பத்து முறை விட்டுவிட்டுப் பதினோராம் முறை பிடித்தால், பிடிபட்டவர் அதை விதியாகக் கருதுவதில்லை. தமக்கு இழைத்த அநீதியாகக் கருதுகிறார்.

2025 ஜூலை 26 அன்று ஸ்ரீநகர் விமான நிலையத்தில் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். தில்லி செல்லவிருந்த ஒரு இராணுவ அதிகாரி, மொத்தம் 16 கிலோ எடையுள்ள இரண்டு கைப்பைகளுடன் வந்ததாகவும், கூடுதல் எடைக்குக் கட்டணம் கேட்டபோது ஊழியர் நால்வரைத் தாக்கியதாகவும் ஸ்பைஸ்ஜெட் நிறுவனம் அறிவித்தது. ஓர் ஊழியருக்கு முதுகெலும்பில் முறிவு ஏற்பட்டதாகவும் அந்த அறிவிப்பில் இருந்தது. கூடுதலாக இருந்த ஒன்பது கிலோவுக்கு ஆகியிருக்கக்கூடிய தொகை சில ஆயிரம் ரூபாய். வாயிலில் நிற்கும் இளைஞர் அந்த விதியை எழுதியவர் அல்லர். அதனால் வரும் வருவாயில் அவருக்குப் பங்கும் இல்லை.

கட்டண வரலாறும் இந்த நெருக்கடிக்கு ஒரு காரணம். பதிவுச் சுமை இல்லாமல் கைச்சுமையுடன் மட்டும் பயணம் செய்பவருக்குக் குறைந்த கட்டணம் வழங்க 2021 பிப்ரவரியில் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் அனுமதித்தது. தாராளமாக 25 கிலோ வரை இலவசமாக ஏற்றிச் சென்ற ஏர் இந்தியா, படிப்படியாகக் குறைத்து, 2024 மே மாதம் உள்நாட்டின் மலிவுக் கட்டணப் பிரிவுகளில் 15 கிலோவுக்கு வந்து நின்றது. கீழே இடம் சுருங்கினால் சுமை மேலே ஏறுவது இயல்பு. வணிகவியல் படித்த எவருக்கும் இதில் வியப்பு இராது.

இருப்பினும் ஏழு கிலோ என்பது வெறும் வருவாய்த் தந்திரம் என்று தள்ளிவிட முடியாது. 180 பேர் அமரும் விமானத்தில் ஒவ்வொருவரும் ஏழு கிலோ கொண்டுவந்தால் 1,260 கிலோ. ஆளுக்கு மூன்று கிலோ கூடினால் மேலும் 540 கிலோ. கணக்கில் வராத ஏழெட்டுப் பயணிகள் ஏறியதற்குச் சமம். பதிவுச் சுமை ஒவ்வொன்றும் எடை போடப்பட்டுக் கணக்கில் ஏறுகிறது. கைச்சுமையோ பெரும்பாலும் சராசரியாகக் கொண்ட ஒரு மதிப்பீடுதான். மேலும், புணேயின் லோஹ்காவ் நிலையத்தில் ஓடுதளம் விமானப் படைக்கு உரியது. பயணிகள் விமானங்கள் அதைப் பகிர்ந்துகொள்கின்றன. 2024 ஜூலையில் புதிய முனையம் பயன்பாட்டுக்கு வந்து உள்ளே நிற்பதற்கு இடம் கூடியிருக்கிறது, ஓடுதளம் ஒன்றுதான். பெட்டிக்கு இடம் தேடி இருபது பேர் நடைபாதையில் நிற்க, புறப்பாடு பத்து நிமிடம் தாமதமானால், அந்த நேரம் அடுத்தடுத்த ஊர்களுக்கும் தொற்றிக்கொண்டே போகும்.

எடையைவிட நாங்கள் அஞ்சுவது இன்னொன்று. 2016 ஆகஸ்ட் 3 அன்று திருவனந்தபுரத்திலிருந்து துபாய் சென்ற எமிரேட்ஸ் விமானம் ஓடுதளத்தில் மோதித் தீப்பற்றியது. உள்ளே இருந்த 300 பேரும் உயிர் தப்பினர். தீயை அணைக்க வந்த வீரர் ஒருவர் உயிரிழந்தார். புகை சூழ்ந்த அந்த அறைக்குள் பயணிகள் சிலர் தட்டுகளைத் திறந்து பைகளை எடுக்கும் காட்சியை உலகமே பார்த்தது. அவர்களைப் பழிப்பது எளிது. வளைகுடாவில் உழைத்த பல ஆண்டுகளின் சான்றிதழ்களும் கடவுச்சீட்டும் அந்தப் பைக்குள் இருந்திருக்கலாம். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடா நிலையத்தில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் எரிந்தபோது, 379 பேரும் பைகளை விட்டுவிட்டு வெளியேறி உயிர் பிழைத்தனர். எல்லா விளக்கங்களையும்விட இந்த இரண்டு நிகழ்வுகளும் ஒன்றைத் தெளிவாகச் சொல்கின்றன: விட்டுவிட முடியாத பொருளைத் தலைக்கு மேல் வைக்கக் கூடாது. கடவுச்சீட்டு, பணம், மருந்து, அசல் ஆவணம் ஆகியவை உடலோடு இருக்கும் சிறு பையில் அடங்கிவிடும்.

அந்தத் தாம்பரம் வாடிக்கையாளருக்கும் இதுதான் உதவியிருக்கும். வாயிலில் கைப்பெட்டியை வாங்கிக்கொண்ட கணத்திலிருந்து அது பதிவுச் சுமையாகிவிடுகிறது. விலையுயர்ந்த பொருள்களையும் ஆவணங்களையும் பதிவுச் சுமையில் வைக்கக் கூடாது என்றும், வைத்தால் பொறுப்பில்லை என்றும் நிறுவனங்களின் நிபந்தனைகளில் எழுதியிருக்கும். உள்நாட்டுப் பயணத்தில் தொலைந்த, சேதமுற்ற, தாமதமான சுமைக்கு நிறுவனத்தின் பொறுப்பு ஒரு பயணிக்கு 20,000 ரூபாய் வரை என 2014-இல் வரையறுக்கப்பட்டது. வீட்டுப் பத்திரத்தின் முன் அந்தத் தொகை எம்மாத்திரம்? ஆகவே பெட்டியைக் கேட்டால், “ஒரு நிமிடம்” என்று சொல்லி அங்கேயே திறந்து, ஆவணங்கள், நகை, மருந்து, பவர் பேங்க் நான்கையும் வெளியே எடுத்துக்கொள்ளத் தயங்க வேண்டாம். பின்னால் நிற்பவர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும். இதற்கெனவே மடித்து வைத்த துணிப்பை ஒன்றைப் பெட்டியின் வெளி அறையில் வைத்திருப்பது எங்கள் வழக்கம். கட்டிய சீட்டின் பாதியைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பெட்டி வராவிட்டால், நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே எழுத்தில் புகார் பதிவு செய்ய வேண்டும்.

இன்னொரு சலுகையையும் இங்கே குறிப்பிடலாம். ரிசர்வ் வங்கியின் 2023 செப்டம்பர் 13 சுற்றறிக்கையின்படி, கடன் முழுதும் தீர்ந்த 30 நாட்களுக்குள் அசல் ஆவணங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். கடன் கணக்கு இருந்த கிளையிலோ, ஆவணங்கள் இருக்கும் வேறு அலுவலகத்திலோ, தாம் விரும்பும் இடத்தில் அவற்றைப் பெற்றுக்கொள்ளும் உரிமை கடன்தாரருக்கு உண்டு. உங்கள் ஆவணங்கள் எந்த ஊரில் வைக்கப்பட்டுள்ளன என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டால், ஓர் இடத்தில் வாங்கி இன்னோர் ஊருக்குச் சுமந்து செல்லும் தேவையே சில வேளைகளில் எழாது.

பவர் பேங்க் விஷயம் தனி. கைப்பெட்டியைக் கீழே அனுப்பும்போது மறந்து உள்ளேயே விட்டுவிடும் பொருள்களில் இதுவே முதன்மையானது. இதைப் பதிவுச் சுமையில் வைக்கவே கூடாது. பயணியுடன் மட்டுமே செல்லலாம். 100 வாட்-மணி வரை தடையில்லை. சந்தையில் 27,000 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருப்பது ஏறத்தாழ அந்த எல்லை. அதற்கு மேல் 160 வரை நிறுவனத்தின் ஒப்புதல் தேவை. 2025 ஜனவரி 28 அன்று தென் கொரியாவின் கிம்ஹே நிலையத்தில் ஏர் பூசான் விமானம் ஒன்றில் மேல்தட்டிலிருந்து தொடங்கிய தீ கூரையையே எரித்தது. அதன்பின் பவர் பேங்கைத் தட்டில் வைக்காமல் கைக்கெட்டும் தூரத்தில் வைக்குமாறு பல நாடுகளிலும் கூறி வருகிறார்கள்.

இனி, தமிழர் கைச்சுமையின் இதயப் பகுதிக்கு வருவோம். ராஸ்தா பேட்டையிலிருந்தும் கட்கியிலிருந்தும் ஊருக்குப் புறப்படுபவர்களின் பையில் சித்தளே பாகர்வடியும் கயானி பேக்கரியின் பிஸ்கட்டும் இருக்கும். திரும்பி வரும்போது அல்வா, காப்பிப் பொடி, நெய், ஊறுகாய். பாகர்வடிக்குச் சிக்கல் இல்லை. நெய்யும் எண்ணெய் மிதக்கும் ஊறுகாயும் திரவக் கணக்கில் வருபவை. துபாய் போன்ற வெளிநாட்டுப் பயணங்களில் ஒரு கலத்தில் 100 மில்லிலிட்டருக்கு மேல் கையில் கொண்டு செல்ல முடியாது. 2006 ஆகஸ்டில் லண்டனில் திரவ வெடிபொருள் சதி அம்பலமானதன் பின் உலகெங்கும் வந்த கட்டுப்பாடு இது. கலம் பெரிதாக இருந்து அடியில் கொஞ்சமே நெய் இருந்தாலும் கலத்தின் கொள்ளளவைத்தான் பார்ப்பார்கள். உள்நாட்டில் இந்த வரம்பு இதே வடிவில் இல்லையாயினும், சோதனையாளரின் முடிவே இறுதியானது. அம்மா காய்ச்சிக் கொடுத்த நெய்யைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வருவதைவிட, நன்றாக மூடி பதிவுப் பெட்டியில் அனுப்புவது மனத்துக்கு இதம். மிளகாய்ப் பொடி, சாம்பார்ப் பொடி ஆகியவற்றுக்கும் அதுவே இடம்.

தேங்காய் பலருக்கும் புதிராக இருக்கும். எண்ணெய்ச் சத்தால் எளிதில் தீப்பற்றும் என்பதால் தேங்காயைக் கைச்சுமையில் அனுமதிப்பதில்லை. சபரிமலைக்கு இருமுடி கட்டிச் செல்பவர்களுக்கு இது பெரும் இடர்ப்பாடாக இருந்தது. இருமுடியைச் சரக்கு அறைக்கு அனுப்ப எந்தப் பக்தருக்கு மனம் வரும்? 2024 அக்டோபரில், அந்த யாத்திரைக் காலத்துக்கு மட்டும், 2025 ஜனவரி 20 வரை, உரிய சோதனைகளுக்குப் பின் இருமுடித் தேங்காயைக் கையில் கொண்டு செல்ல அரசு விலக்களித்தது. விதி வளையாது என்பதில்லை. காரணத்தையும் காலத்தையும் எழுத்தில் வைத்து வளைகிறது. இவ்வாறான விலக்கு தாம் செல்லும் ஆண்டிலும் நடைமுறையில் உள்ளதா என்று மாலை போடும் முன்பே விசாரித்துக்கொள்வது நலம்.

நம் நிறுவனங்களைக் கண்டிப்பானவை என்று எண்ணுபவர்கள் ஐரோப்பாவை ஒருமுறை பார்க்கலாம். அளவு மீறிய பையைக் கண்டுபிடிக்கும் ஊழியருக்குத் தலா ஒன்றரை யூரோ ஊக்கத்தொகை தந்து வந்த ரயன்ஏர், 2025 நவம்பர் முதல் அதை இரண்டரை யூரோவாக உயர்த்தியது. மறுபக்கம், நியாயமான அளவும் எடையும் கொண்ட கைச்சுமை பயணத்தின் இன்றியமையாத பகுதி, அதற்குத் தனிக் கட்டணம் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014-இல் கூறியது. அந்த வழியில் ஸ்பெயின் அரசு 2024 நவம்பரில் ஐந்து மலிவுக் கட்டண நிறுவனங்களுக்கு மொத்தம் 179 மில்லியன் யூரோ அபராதம் விதித்தது. நியாயமான அளவு எது என்ற வழக்கு அங்கே இன்னும் முடிந்தபாடில்லை.

வெளிநாடு செல்பவர்கள் கைப்பையில் வைக்கும் பணத்துக்கும் எல்லை உண்டு. இந்தியாவில் வசிப்பவர் நாட்டை விட்டுச் செல்லும்போது 25,000 ரூபாய் வரை இந்திய நாணயத்தாள்களைக் கொண்டு செல்லலாம். அந்நியச் செலாவணியைத் தாள்களாகப் பெறுவதற்குப் பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்துக்கு 3,000 அமெரிக்க டாலர் எல்லை. எஞ்சியதை அட்டையில் ஏற்றிக்கொள்ளலாம். திரும்பி வரும்போது தாள்களாக 5,000 டாலருக்கு மேலோ, எல்லா வடிவங்களிலும் சேர்த்து 10,000 டாலருக்கு மேலோ இருந்தால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். அணிந்து செல்லும் நகைக்குப் புறப்படும்போதே சுங்கத்தில் சான்று பெற்றுக்கொண்டால், வரும்போது அது நம்முடையதுதான் என்று மெய்ப்பிக்கும் தொல்லை இராது.

எடை கூடும் என்று வீட்டிலேயே தெரிந்துவிட்டால், கூடுதல் சுமைக்கு இணையத்தில் முன்கூட்டியே பணம் செலுத்துவது நிலையத்தில் செலுத்துவதைவிடப் பெரும்பாலும் மலிவு. தொங்கவிட்டு எடை பார்க்கும் சிறு தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. எங்கள் கிளையில் ஒன்று வாங்கிப் பணப்பெட்டக அறையின் சாவி மாட்டும் ஆணிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறோம். விடுப்பில் ஊருக்குச் செல்லும் ஊழியர்கள் வெள்ளிக்கிழமை மாலையில் வரிசையாக வந்து தங்கள் பைகளை அதில் மாட்டிப் பார்க்கிறார்கள். அந்தத் தாம்பரம் வாடிக்கையாளரும், அடுத்த முறை லாக்கருக்கு வந்தபோது, அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தோளில் குறுக்காக மாட்டியிருந்த மெல்லிய தோல் பையை எங்களுக்குக் காட்டினார்.